சுமைதாங்கியில் நான் உட்கார்ந்த கதை

நவம்பர் 24, ஞாயிறு

இன்று காலை ஆறே முக்காலுக்கு நமது படை நாகமலையை முற்றுகையிட்டது. படையின் பலம் எட்டுப் பேர். ஆயுதங்கள்: தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், ஒரு விசில். தளபதி என் தங்கை மகள் தாமரைச்செல்வி. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் எங்களைப் போன்ற ஆட்களைப் பத்திக்கொண்டு, அந்தக் காலத்து சனங்கள் நடந்த மலைத்தடங்களில் நடக்க வைக்கிறாள். மற்றவர்கள் சரித்திரத்துக்காக வருகிறார்கள். நான் சர்க்கரைக்காக. இதைவிட அற்பக் காரணத்துக்கெல்லாம் பேரரசர்கள் படையெடுத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு நாகமலை சரணடைந்தது. நடுவில் நான் நான்கு முறை உட்கார்ந்தது மலைக்கு அவகாசம் கொடுப்பதற்காக.

இறங்கி வந்து ரோட்டோரக் கடையில் டீ. செல்வி டீயை ஊதிக்கொண்டே அடுத்த திட்டத்தைச் சொன்னாள். வாடிப்பட்டிப் பக்கமிருந்து சிறுமலைக்கு ஏறும் குதிரைத்தடம். ரோடு போடுவதற்கு முன்னால் மலை வாழைக்குலையும் எலுமிச்சையும் அந்த வழியாகத்தான் கீழே இறங்கினவாம். குதிரை வைத்திருந்தவர்கள் குதிரையில், இல்லாதவர்கள் தலையில். ரோடு வந்தபின் தடத்தைப் புதர் மூடிவிட்டது.

"வழி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும். இல்லாட்டி வனத்துறையில அனுமதி கேக்க முடியாது," என்றாள்.

என் வாய் எனக்கு முன்னால் எழுந்து நின்றது.

"ஆளை எதுக்குத்தா ஊரெல்லாம் தேடுற? உம் மாமன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். இருவது வயசுல வெறுங்காலோட அந்தத் தடத்துல ஏறி, உச்சியில எலுமிச்சம்பழம் பறிச்சு, சாயங்காலம் டூரிங் கொட்டகைக்குப் படம் பாக்க வந்துட்டேன். வழியில காட்டுமாடு குறுக்க வந்துச்சு. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. 'நீங்க முன்னாடி போங்கண்ணே'ன்னு ஒதுங்கிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாண்டியம்மாள். வாடிப்பட்டிப் பக்கம் கிராம நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லோருக்கும் நர்சம்மா. டீ ஆறிப்போன கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 27, புதன்

செல்வி போன் பண்ணினாள். விண்ணப்பத்தில் 'வழி அறிந்த நபர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"மாமா, வெளாட்டு இல்லையே? உங்க பேரைப் போடவா?"

அடுக்களையில் அன்னக்கொடி ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். முப்பத்தாறு வருடமாக என் மனைவி, அதாவது இந்த அரண்மனையின் ஒற்றர்படைத் தலைவி. அந்தச் சத்தத்துக்கு 'வேண்டாம்' என்று பொருள்.

போடு என்றேன். உக்கிரபாண்டி என்று பெயரை வைத்துக்கொண்டு ஒரு கட்டத்துக்குப் பயந்தால் பாண்டிய வம்சம் என்ன நினைக்கும்?

டிசம்பர் 1, ஞாயிறு

கீழக்குயில்குடி. சமணர்மலை. இறங்கும்போது நர்சம்மா என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"டிரைவரண்ணே, அந்தக் குதிரைத்தடத்துல போனேன்னீகளே. வழியில சுமைதாங்கி எதுவும் பாத்தீகளா?"

சுமைதாங்கியை, பஸ் ஓட்டிய காலத்தில், ரோட்டோரத்தில் நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். பார்த்த நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி. அதற்குள் தாண்டிவிடுவேன்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். சொன்னார். அவர் அம்மா பெயர் மலையம்மாள். மலைமேல் தோட்டத்தில் வேலை. ஏழு மாத வயிற்றோடு வாழைக்குலை சுமந்து இறங்கியபோது பாதி வழியில் வலி கண்டு, அங்கேயே முடிந்துவிட்டது. நர்சம்மாவுக்கு அப்போது மூன்று வயது. அப்பா சோலை அந்த இடத்திலேயே ஒரு சுமைதாங்கி வைத்திருக்கிறார். வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு அந்தச் சுமை இறங்குவதே இல்லையாம். அந்த வழியே போகிறவர்கள் தங்கள் சுமையை அவள் பெயரில் உள்ள கல்லில் இறக்கி வைக்க வைக்க, அவளுக்கும் இறங்குமாம். பிறகு அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார். பாதையும் மூடிப்போனது.

"ஊத்தைத் தாண்டி, கண்மாய் மொதல்ல கண்ணுல படுற திருப்பம்னு எங்கப்பா சொல்வாரு. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாதுண்ணே. எப்படி இருப்பாகன்னு சொல்லவும் இப்ப ஆளு இல்ல. அந்தக் கல்லு ஒண்ணுதான். அதுவும் இருக்கோ, இல்லையோ."

அந்த 'இல்லையோ' சொல்லும்போது அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை. கீழே தாமரைக் குளத்தைப் பார்த்தது. ஆயிரம் பிரசவம் பார்த்த கை, முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"இருக்கு நர்சம்மா," என்றேன். "அதே திருப்பந்தான். நல்லா நிக்கிது. அதுமேல உக்காந்து காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு எலுமிச்சம்பழச் சோறு தின்னிருக்கேன்."

நடையை நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"காலைத் தொங்கப் போட்டுக்கிட்டா?"

"ஜம்முனு."

"செரிண்ணே," என்றார்.

டிசம்பர் 2, திங்கள்

நான் எந்தக் கல்லையும் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

எழுதி வைத்துவிடுகிறேன். இந்த நோட்டிடம் என்ன மறைப்பு?

எண்பத்தொன்றில் நானும் என் கூட்டாளி ஒருவனும் அந்தத் தடத்தில் ஏறினோம். ஊற்று வரைக்கும் போனோம். புதருக்குள் என்னவோ மடமடவென்று முறிந்தது. இறங்கி ஓடி வந்துவிட்டோம். அவ்வளவுதான் எனது மலைப் படையெடுப்பு. புதருக்குள் இருந்தது ஆடாகக்கூட இருக்கலாம்.

மற்றதெல்லாம் சொல்லச் சொல்ல வளர்ந்தது. என் கல்யாணத்தின்போது பாதி மலை வரை ஏறியிருந்தேன். மகன் பிறந்தபோது உச்சியைத் தொட்டுவிட்டேன். எலுமிச்சம்பழம் எனது பணி ஓய்வு விருந்தில் வந்து சேர்ந்தது. காட்டுமாடு போன வருடம்தான். இருபத்தெட்டு வருடம் மதுரை–திண்டுக்கல் பஸ் ஓட்டியிருக்கிறேன். போகும்போது வலதுபக்கம் அந்த மலை, வரும்போது இடதுபக்கம் அதே மலை. ஒருநாளைக்கு நான்கு தடவை பார்த்தால், ஏறிய மாதிரித்தான் ஆகிவிடுகிறது.

அன்னக்கொடியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இம்புட்டு வருசம் நீங்க விட்டதுல யாருக்கும் ஒண்ணும் நட்டமில்ல. கேட்டுட்டு சிரிச்சிட்டுப் போவாக. இது அந்தப் பொம்பளையோட ஆத்தா."

டிசம்பர் 11, புதன்

தனியாக உளவு பார்க்கப் போனேன். வாடிப்பட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மலையடிவாரம். திட்டம் எளியது: கல் இருந்தால் நான் சொன்னது பொய்யே இல்லை, கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை.

இருபது எட்டு வைப்பதற்குள் காக்கிச் சட்டை ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. வனக்காவலர், பெயர் சுருளி. ஐம்பது வயதிருக்கும், தோளில் அரிவாள்.

"எங்கிட்டுப் போறீக?"

"சும்மா மலையைப் பாக்க."

"இங்கிருந்தே தெரியுதுல்ல. பாத்துட்டுப் போங்க."

பீடி கொடுத்தேன், வேண்டாம் என்றார். கடலை மிட்டாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். சுமைதாங்கி பற்றிக் கேட்டேன்.

"முன்னால மூணோ நாலோ இருந்துச்சு. கீழ ஒண்ணு நிக்கிது. ஊத்துக்கு மேலயா? அங்கிட்டு நாங்களே போயி ஏழெட்டு வருசமாச்சு. காட்டுமாடு முதுகு சொறிஞ்சே சாச்சுப் போட்டுரும். முந்தி வீடு கட்டக் கல்லையும் தூக்கிட்டுப் போயிருக்காய்ங்க. இருந்தா உண்டு."

இருந்தா உண்டு. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தும் மலை இருந்த பக்கம் உட்காரவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

மாமன்னர்கள் ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வார்கள்? கல் நடுவார்கள்.

இந்த யோசனை மூன்று நாளாக என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கல் இல்லாமல் போனால்? நர்சம்மா அந்தத் திருப்பத்தில் நின்று வெறும் புதரைப் பார்க்கவேண்டுமா? அதற்கு நாமே ஒன்று செய்து, சுருளியைச் சரிக்கட்டி, முன்னாடியே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன? ஒரு அம்மாவுக்குக் கல் வைப்பதில் என்ன பாவம்?

காளவாசல் தாண்டி தேனி ரோட்டில் ஒரு கல்பட்டறை. கருப்பு என்று ஒரு கல்தச்சர், அம்மிக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். சுமைதாங்கி வேண்டும், ஆனால் பழசு மாதிரி இருக்கவேண்டும் என்றேன்.

"உசரம் எம்புட்டு?"

கையை இடுப்புக்குக் கீழே வைத்துக் காட்டினேன்.

கருப்பு உளியைக் கீழே வைத்தார். "இது சுமைதாங்கியா, பஸ் ஸ்டாண்டு பெஞ்சா?"

"ஏன், உக்காந்துக்கலாம்ல?"

"அண்ணே, தலையில ஒரு மூட்டையோட தனியா வாரீக. எறக்கி வைக்க ஒரு ஆளும் இல்ல. இடுப்புக்குக் கீழ கல்லு இருந்தா எப்படி எறக்குவீக? குனிஞ்சா மூட்டை கழுத்தை முறிச்சிரும். எறக்கினாலும் மறுபடி யாரு தூக்கிவிடுறது? தோளுயரம் இருக்கணும். வந்து நின்னு, தலையை லேசாச் சாச்சு, அப்படியே நகத்தி வச்சிரணும். போறப்ப அடியில தலையைக் கொடுத்து எடுத்துக்கிட்டுப் போயிரணும்." தன் தோளில் கையை வைத்துக் காட்டினார். "இதுமேல உக்காரணும்னா ஏணி வேணும்."

பட்டறையில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சட்டென்று விளங்கியது.

காலைத் தொங்கப் போட்டுக்கிட்டா?

அவர் என்னிடம் கேட்டது சந்தேகம் இல்லை.

டிசம்பர் 21, சனி

அப்ப அந்தம்மாவுக்கு அன்னைக்கே தெரியும். நான் அளந்துவிட்டேன்னு தெரிஞ்சே செரிண்ணேன்னு சொல்லியிருக்கு. ஏன் சொல்லுச்சு? எல்லார் முன்னாடியும் மூஞ்சில கரியைப் பூசியிருக்கலாம்ல?

டிசம்பர் 22, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று செல்வியிடம் சொன்னேன். தும்மிக் காட்டினேன், போனில்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஜலதோஷம் தொடர்கிறது. அன்னக்கொடி மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, "எத்தனை வாரத்துக்கு?" என்றாள்.

ஜனவரி 3, வெள்ளி

வாடிப்பட்டிக்குப் போனேன். நர்சம்மா வீட்டு வாசலில் முருங்கை. அவர் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். மேலிருந்தே, "வாங்கண்ணே, ஜலதோசம் தேவலையா?" என்றார். குரலில் ஊசி இருந்தது.

காப்பி வந்தது. குடிக்காமல் சொன்னேன்.

"நர்சம்மா, நான் அந்தக் கல்லைப் பாக்கல. ஊத்துக்கு மேல போனதே இல்ல."

"தெரியும்ணே. நீங்க காலைத் தொங்கப் போட்டப்பவே தெரியும்." எதிரே உட்கார்ந்தார். "எங்க சனத்துல சின்னப் புள்ளைக்குக்கூட அந்த உசரம் தெரியும். உங்க வீட்டுல வண்டி இருந்துச்சு. எங்க வீட்டுல தலைதான் இருந்துச்சு."

அது உண்மை; நடையின்போது நானே பெருமையடித்ததுதான். அப்பாவிடம் இரண்டு மாட்டுவண்டி. மலையடிவாரத்தில் வாழைக்குலை ஏற்றி மதுரை மார்க்கெட்டுக்குப் போவார். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பழம் தின்றுகொண்டே போயிருக்கிறேன். அடிவாரம் வரை அந்தக் குலை எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பேசியதில்லை.

"பெறகு ஏன் நர்சம்மா அன்னைக்கே என்னைய நாலு வார்த்தை கேக்கல?"

காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எங்கப்பா செத்து முப்பது வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா கல்லைப் பத்தி எங்கிட்ட ஒருத்தரும் பேசினதில்ல. எம் புருசன் பேசல, புள்ளைக பேசல. நீங்க 'நல்லா நிக்கிது'ன்னீக. பொய்யின்னு தெரியிது. ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா, அது நிக்கிதுண்ணே. ஒரு வாரம் நின்னுக்கிட்டே இருந்துச்சு."

அதற்கு ஒரு கதையும் கட்டாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அறுபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"கோவம் இல்லைன்னு நெனச்சுக்கிராதீக," என்றார். "கையில ஊசி இருந்திருந்தா மருந்தில்லாமக் குத்தியிருப்பேன். காப்பியைக் குடிங்க, ஆறுது."

குடித்தேன். செல்வியிடமும் சொல்லிவிடச் சொன்னார். "எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு வழி தெரியாத ஆளு முன்னால போகக்கூடாதுல்ல."

ஜனவரி 4, சனி

செல்வியிடம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"மாமா, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"தப்புத்தான் ஆத்தா."

"உங்க கதையெல்லாம் எனக்கு உசிரு. சின்ன வயசுல இருந்து. இது கதையா?"

என் பெயரை அடித்துவிட்டு, வழிகாட்ட வனக்காவலரையே அனுப்பக் கேட்டு மறுபடி எழுதிக் கொடுத்தாள். அனுமதி கிடைக்குமா என்பது இப்போது சந்தேகம்தான். கிடைத்தால் நான் கடைசி ஆளாக வரலாம். வாயைத் திறக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒப்புக்கொண்டேன்.

அனுமதி வராவிட்டால் நர்சம்மா அந்தத் திருப்பத்தைப் பார்க்காமலே போவார். என்னால்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

வந்துவிட்டது. எட்டுப் பேர், ஒரே ஒரு நாள், 19-ஆம் தேதி, இரண்டு மணிக்குள் திரும்பத் தொடங்கவேண்டும். முன்னால் சுருளி.

ஜனவரி 19, ஞாயிறு

ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். சுருளி அரிவாளால் உண்ணிச்செடியை வெட்டி வழி எடுத்துக்கொண்டே போக, அவருக்குப் பின்னால் செல்வி, நர்சம்மா, மற்றவர்கள், எல்லோருக்கும் பின்னால், கோச்சடையில் வீடுள்ள சக்கரவர்த்தியான நான்.

புதரை விலக்கினால் அடியில் தடம் அப்படியே இருக்கிறது. யானை முதுகு மாதிரி வளைந்து, வழுக்குகிற கற்கள், சரிவில் மண் இறங்காமல் ஓரம் கட்டியிருக்கிறார்கள். ஒரு பாறையில் வரிசையாகக் குழி. குளம்பு தேய்த்தது என்றாள் செல்வி. ஒவ்வொரு குழியிலும் என் கை முழுசாகப் புதைந்தது. எத்தனை குதிரை, எத்தனை வருடம் என்று ஒரு கணக்குச் சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

முதல் சுமைதாங்கி ஊற்றுக்குக் கீழே, நின்றுகொண்டிருந்தது. எண்பத்தொன்றில் இதைக் கடந்துதான் போயிருப்பேன்; கண்ணில் பட்டதாக நினைவே இல்லை. போய் ஒட்டி நின்றேன். மேல்கல் சரியாக என் தோளுக்கு வந்தது.

சுருளி திரும்பி, "உக்காருறீகளா டிரைவரே? நான் வேணா குனியிறேன்," என்றார். செல்வி சொல்லிவிட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்சம்மாதான் அதிகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நான்கு பேர் கேலி செய்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பத்தரைக்கு ஊற்று. நான் எண்பத்தொன்றில் ஓடிய இடம். அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்குமுன் புதரை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன், வழிக்காக.

அரைமணி நேர ஏற்றம். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. கீழே கண்மாய் ஒரு தட்டு மாதிரி மினுங்கியது. நர்சம்மா நின்றுவிட்டார். சுற்றிலும் இடுப்பளவு உண்ணிச்செடி. கல் எதுவும் இல்லை.

தேடினோம். கம்பால் குத்தினோம், காலால் மிதித்தோம். என் வேட்டியில் முள் கிழிக்காத இடம் ஒரு சாண்கூட மிச்சமில்லை. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சுருளி வாட்ச்சைப் பார்த்தார்.

"பரவால்லண்ணே," என்றார் நர்சம்மா, என்னிடம் வந்து. "இடத்தைப் பாத்துட்டேன்ல. அவுக பாத்த கண்மாயைப் பாத்துட்டேன். போதும்."

போதாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. இருக்கும் என்று சொல்ல எனக்கு இனி உரிமை கிடையாது. கம்பை எடுத்துக்கொண்டு இன்னொரு புதரைக் குத்தப் போனேன்.

சுருளியின் அரிவாள் அப்போதுதான் கல்லில் பட்டது. திருப்பத்திலிருந்து பத்தடி மேலே, இலுப்பை மரத்தடியில். முதலில் ஒரு கல், நின்ற வாக்கில். இரண்டடி தள்ளி அதன் ஜோடி. மேல்கல் பின்பக்கம் விழுந்து பாதி மண்ணுக்குள் கிடந்தது. எழுத்து எதுவும் இல்லை.

சுருளி நிற்கிற கல்லைத் தட்டிப் பார்த்தார். "இது என்ன இம்புட்டு குட்டையா இருக்கு? அடி இறங்கல, பாறை மேலதான் நிக்கிது. மேல்கல்லைத் தூக்கி வச்சாலும் ஆம்பளைக்கு நெஞ்சுக்குத்தான் வரும். இப்படி யாரும் வைக்க மாட்டாகளே."

நர்சம்மா மெதுவாகப் போனார். ஷூவைக் கழற்றினார். இரண்டு கல்லுக்கும் நடுவில் போய், முதுகை நிமிர்த்தி நின்றார். செல்வி விழுந்து கிடந்த மேல்கல்லின் கனத்தைச் சாணால் அளந்து, அந்த அளவை நிற்கிற கல்லின் தலைக்குமேல் வைத்துக் காட்டினாள்.

அவள் கை நர்சம்மாவின் தோளில் வந்து நின்றது.

நர்சம்மா தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி:

"எங்கம்மா என் உசரம்."

அதற்குப்பின் அழுதார். செல்வி பிடித்துக்கொண்டாள். அவர் அப்பா, அந்த மனுசன் சோலை, போகிற வருகிற ஆம்பளைகளின் தோளை அளக்கவில்லை. ஒரே ஒரு தோளை அளந்து கல் வைத்திருக்கிறான்.

நான் மலைக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்மாய், அதற்கப்பால் நாலுவழிச் சாலை, அதில் எறும்பு மாதிரி ஒரு பஸ். இருபத்தெட்டு வருடம் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

உடம்பில் வலிக்காத இடம் மீசை மட்டும்தான்.

ஜனவரி 29, புதன்

மேல்கல்லைத் தூக்கி வைக்கவேண்டும். பிப்ரவரி பாதியில் காட்டுத்தீக் காலம் என்று மலையை மூடிவிடுவார்கள். செல்வி ரேஞ்சரைப் பார்த்தாள். சிமெண்டு கூடாது, புதிதாக எந்தக் கல்லும் நடக்கூடாது, விழுந்ததை நிறுத்திக்கொள்ளலாம் என்றாராம்.

நான் கல்பட்டறைக்குப் போனேன். கருப்பு என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, பெஞ்சுக்கு ஆர்டரா?" என்றார். முழுக்கச் சொன்னேன், என் பொய்யிலிருந்து தொடங்கி. எதையும் கூட்டவில்லை. கூட்டாமலே நீளமாகத்தான் இருந்தது.

கேட்டு முடித்தவர், "கடப்பாரை மூணு இருக்கு. நாலு தடிக்கட்டையும் எடுத்துக்கிருவோம். என்னைக்குப் போறோம்?" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கல்லைத் தூக்குவது தெம்பு இல்லை, பொறுமை. இன்று கற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்புவது, அடியில் ஒரு முட்டுக்கல். மறுபக்கத்தை நெம்புவது, அடியில் ஒரு முட்டுக்கல். ஒவ்வொரு தடவையும் நாலு விரற்கடை. கருப்பு தலைமைத் தச்சர். சுருளியும் இன்னும் மூன்று பேரும் நெம்புபவர்கள். முட்டுக்கல் பொறுக்கிக் கொடுக்கும் துறை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னூறு கல் பொறுக்கினேன். சரி, நாற்பது இருக்கும்.

"டிரைவரண்ணே, இது உருண்டை. தட்டையாப் பாத்துக் கொடுங்க," என்று கருப்பு அதட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்தேன்.

பன்னிரண்டரைக்கு மேல்கல், நிற்கிற இரண்டு கல்லின் தலையில் ஏறி உட்கார்ந்தது. கருப்பு நான்கு பக்கமும் பார்த்து, ஒரு சில்லை ஓரத்தில் செருகி, உள்ளங்கையால் தட்டினார். முட்டுக்கற்களை எடுத்தோம்.

நர்சம்மா அதுவரை இலுப்பை நிழலில் உட்கார்ந்திருந்தார். கீழே வாடிப்பட்டியில் ஒரு வாழைக்குலை வாங்கி, நாங்கள் கேட்டும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இப்போது எழுந்து, குலையோடு தடத்தில் மேலே இருபது எட்டு ஏறினார். சேலை முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். செல்வி உதவிக்குப் போனாள். வேண்டாம் என்று கை காட்டினார். குலையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அறுபத்தொரு வயது. கல் தடம். ஒரு தடவை கால் வழுக்கியது, யாரும் நகரவில்லை. கல்லருகில் வந்து நின்றார். தலையை லேசாகச் சாய்த்தார். குலை தானாக நகர்ந்து கல்லில் இறங்கியது. குனியவில்லை.

கல்லின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு சீரானதும் சும்மாட்டை உதறி முகத்தைத் துடைத்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, அந்தப் பையை இன்னும் முதுகுலயே வச்சுக்கிட்டு நிக்கிறீக. எறக்கி வைங்க. இடம் கெடக்குல்ல."

பக்கத்தில் போய் வைத்தேன். கல் அசையவில்லை.